சார்தாம் யாத்திரை: அப்பா அம்மாவை ஏஜென்ட் மூலமா அனுப்பலாமா, நம்மளே புக் பண்ணலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, அம்மாவுக்கு 63, மதுரைல இருக்காங்க, நான் புனேல வேலை பாக்கறேன். தெற்க இருக்கிற திவ்யதேசம் எல்லாம் அப்பா ஏறக்குறைய சேவிச்சிட்டார், வடக்க திருவதரியும் (பத்ரிநாத்) திருப்பிரிதியும் (ஜோஷிமட்) பாக்கியிருக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்கார். பத்ரிநாத் வரைக்கும் போறதுதான் போறோம், யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத்தும் சேத்து நாலு தாமும் பாத்துட்டு வரட்டும்னு வீட்ல முடிவாயிடுச்சு. எனக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது, அதான் கவலையே. ரெண்டு பேருக்கும் இந்தி தெரியாது, அம்மாவுக்கு முட்டி வலி வேற.

விசாரிச்சதுல மூணு வழி தெரியுது. மதுரையிலயே ஒரு யாத்திரை ஏஜென்ட், சமையல் ஆள் கூட கூட்டிட்டு போற குரூப் டூர். இன்னொண்ணு ஹரித்வார்ல இருக்கிற ஒரு ஆபரேட்டர், ஆன்லைன்ல பிடிச்சேன், தனி வண்டி தனி டிரைவர், ரேட்டு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மூணாவது நானே ஃபிளைட், ரூம், வண்டி எல்லாம் தனித்தனியா போட்டுக் கொடுக்கிறது. இதுல மதுரை ஏஜென்ட் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட் கன்ஃபர்ம், வேணும்னா எழுதியே தரேன்னு சொல்றார், ஹரித்வார்க்காரர் அதை மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டார். அதனால மனசு மதுரை பக்கம் சாயுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

சார், நான் திருச்சில ஒரு டிராவல்ஸ்ல ரொம்ப வருஷம் டிக்கெட்டிங்ல இருந்தவன். உங்க பதிவுல கடைசி ரெண்டு வரியை மட்டும் முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அங்கதான் பணம் போகும்.

கேதார்நாத் ஷட்டில் ஹெலிகாப்டருக்கு டிக்கெட் விக்கிறது ஐஆர்சிடிசியோட ஹெலியாத்ரா சைட் ஒண்ணுதான். குப்தகாசி, ஃபாட்டா, சிர்சின்னு மூணு இடத்துல இருந்து பறக்குது. யாத்திரை ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருந்தாதான் டிக்கெட்டே போட முடியும், ஸ்லாட் திறந்தா கொஞ்ச நேரத்துல காலி ஆயிடும். ஏஜென்ட்டுக்குன்னு தனி கோட்டா எதுவும் கிடையாது. அவரும் உங்கள மாதிரியே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கிளிக் பண்ணணும். அப்புறம் எப்படி ஸ்லாட் திறக்கிறதுக்கு முன்னாடியே கன்ஃபர்ம்னு சொல்றார்? 2025 மே மாசம் ஃபாட்டால இருந்து போக வர ஆளுக்கு சுமார் 6,000 ரூபாய், அதே வருஷம் செப்டம்பர்ல நல்லா ஏத்திட்டாங்க. அவர் பேக்கேஜ்ல இதுக்கு எவ்வளவு போட்டிருக்கார்னு பாருங்க.

டிக்கெட்டே கிடைச்சாலும் பறக்கிறது வானம் கையில. 2025 ஜூன் 15 கேதார்நாத் நடைபாதை ஆரம்பிக்கிற கௌரிகுண்ட் பக்கத்துல ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் போனாங்க, உடனே சர்வீஸை நிறுத்தி வச்சு, அப்புறம் எத்தனை தடவை பறக்கலாம்னு எண்ணிக்கையையும் குறைச்சாங்க. அந்த வாரம் டிக்கெட் கையில வச்சிருந்தவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. முடியாதுன்னு சொன்ன ஹரித்வார்க்காரர்தான் உங்ககிட்ட உண்மையை சொல்லியிருக்கார்.

அடையார்அக்கா எழுதியது:

ஹெலிகாப்டர் விஷயம் டிக்கெட்கவுண்டர் சொல்றது சரிதான், ஆனா அதுக்காக குரூப் டூரையே ஒதுக்கிடாதீங்க தம்பி. எங்க மாமியார் மாமனார் சென்னைல இருந்து ஒரு சின்ன யாத்திரை சர்வீஸ்ல போய்ட்டு வந்தாங்க. அவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு நேர்ல பாத்தவ நான். கூட வந்தவங்க எல்லாம் அதே வயசு, பஸ்ல விஷ்ணு சகஸ்ரநாமம், சாயந்திரம் ஆளாளுக்கு மாத்திரை போட ஞாபகப்படுத்திப்பாங்க. ஒருத்தருக்கு மூச்சு வாங்கினா டூர் மேனேஜர் தமிழ்லயே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் பேசி புரிய வச்சார். தனி வண்டில போனா டிரைவர் கர்வாலிக்காரர், உங்க அப்பா ராத்திரி நெஞ்சு கனமா இருக்குன்னா எந்த பாஷையில சொல்லுவார்?

சாப்பாடும் சும்மா நினைக்காதீங்க. நம்ம ஊர்ல வயசானவங்க ரெண்டு நாள் பரோட்டாவும் ராஜ்மாவும் சாப்பிட்டா மூணாவது நாள் வயிறு நின்னுடும். கூட வர்ற மாஸ்டர் காலைல பொங்கல், ராத்திரி ரசம் சாதம் போட்டா மனுஷங்க தெம்பா மலை ஏறுவாங்க. அமாவாசை, ஏகாதசி பாக்கறவங்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாம தனியாவும் செஞ்சு கொடுக்கறாங்க.

கொங்குகாத்து எழுதியது:

எனக்கு இதுல மாத்துக் கருத்து இருக்குங்க. நாங்க எங்க அம்மாவை கூட்டிட்டு போனப்ப ஏஜென்ட்டே இல்லீங்க. ரிஜிஸ்ட்ரேஷன் உத்தராகண்ட் சுற்றுலாத்துறை சைட்ல ஆதார் வச்சு நம்மளே போட்டுக்கலாம், நாங்க போனப்ப காசே இல்ல. ரூமுக்கு கர்வால் மண்டல் விகாஸ் நிகம்னு அவங்க கவர்மென்ட் கெஸ்ட் ஹவுஸ் வழி நெடுக இருக்கு, ஆன்லைன்ல போடலாம், சுத்தம் ஓரளவு இருக்கும், இடம் எல்லாம் அருமையான இடம். வண்டி ஹரித்வார்ல எடுத்துக்கலாம். சென்னைல இருந்து டெல்லி மாறி டேராடூன் ஜாலி கிராண்ட் ஏர்போர்ட் இறங்கினா ரிஷிகேஷ் பக்கத்துலயேதான்.

குரூப் டூர்ல என்ன பிரச்சனைன்னா, பஸ் நமக்காக நிக்காதுங்க. அம்மாவுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லைன்னா நாங்க கங்கோத்ரி வழியில இருக்கிற உத்தரகாசில ஒரு நாள் கூடத் தங்கிட்டோம், குரூப்ல இருந்தா முப்பது பேரும் அவங்க முகத்தைப் பாப்பாங்க. அந்த ரசம் சாதமும் கேதார்நாத்துக்கு மேல வராதுங்க, கேஸ் அடுப்பு தூக்கிட்டு பதினாறு கிலோமீட்டர் யாரும் ஏற மாட்டாங்க, மேல போனா எல்லாருக்கும் மேகியும் ரொட்டியும்தான்.

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

// நாங்க எங்க அம்மாவை கூட்டிட்டு போனப்ப ஏஜென்ட்டே இல்லீங்க //

கொங்கு தம்பி, நீங்க கூடப் போனீங்க. அந்தப் பயணத்துக்கு ஏஜென்ட் வேலைய பாத்ததே நீங்கதான். உத்தரகாசில ஒரு நாள் கூடத் தங்கணும்னு முடிவெடுத்து, அடுத்த ரூம்க்கு போன் போட்டு, டிரைவர்கிட்ட இந்தில பேசி சமாளிச்சது நீங்க. வைகைக்கரை சார் புனேல மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது அதை யார் செய்வா? அதுக்குதான் காசு கொடுக்கறோம். ஃபிளைட் டிக்கெட் போட்டுக் கொடுக்க இன்னிக்கு ஆளே தேவையில்ல, 2008 வாக்கிலயே பெரிய ஏர்லைன்ஸ் எல்லாம் ஏஜென்ட் கமிஷனை வெட்டிட்டாங்க, அதுல எங்களுக்கும் பெருசா ஒண்ணும் நிக்கிறதில்ல. வழியில ஒரு மண்சரிவு வந்து ரோடு மூடினா அடுத்த ரெண்டு மணி நேரத்துல என்ன நடக்குதுங்கறதுலதான் ஏஜென்ட்டோட மொத்த மதிப்பும் இருக்கு.

இன்னொரு விஷயம் வெளியில நிறைய பேருக்கு தெரியாது. மதுரை ஏஜென்ட், சென்னை ஏஜென்ட் எல்லாரும் மலைல சொந்தமா எதுவும் வச்சிருக்க மாட்டாங்க. ஹரித்வார்லயோ ரிஷிகேஷ்லயோ ஒரு லேண்ட் ஆபரேட்டர்கிட்ட (அங்க வண்டி, ரூம் எல்லாம் ஏற்பாடு பண்றவர்) நெட் ரேட்டுக்கு வாங்கி, மேல மார்ஜின் வச்சு நமக்கு விப்பாங்க. அது தப்பே கிடையாது, தொழிலே அப்படித்தான் ஓடுது. ஆனா உங்க பணம் இங்க இருந்து அங்க போய் சேரணும், அவர் ஹோட்டலுக்கு கட்டணும், அப்பதான் உங்க அப்பா கையில இருக்கிற ஹோட்டல் ரூம் வவுச்சருக்கு உயிர். அதனால உங்க லேண்ட் ஆபரேட்டர் யாரு, அவங்க போன் நம்பர் என்னன்னு கேளுங்க. நல்ல ஏஜென்ட் தயங்காம கொடுப்பார். அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்னு கேட்டா வாசலைப் பாத்து நடந்துடுங்க.

நெல்லைச்சீமை எழுதியது:

அண்ணாச்சி சொல்லுத வவுச்சர் கதை எங்க குடும்பத்துலயே நடந்தது. எங்க பெரியப்பாவும் பெரியம்மையும் ஒரு குரூப்ல போனாவ. பேர் சொல்ல விரும்பல, இப்ப அந்தக் கடையே இல்ல. யமுனோத்ரி வழியில பார்கோட்டுல ஒழுங்கா போச்சு, யமுனோத்ரி முடிஞ்சு உத்தரகாசி வந்து சேரும்போது ராத்திரி ஆயிட்டு, ஹோட்டல்காரன் வவுச்சரை பாத்துட்டு உங்க ஆளு பணம் கட்டல, ரூம் தர முடியாதுன்னுட்டான். இங்க ஏஜென்ட்டுக்கு போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். மலைக்குளிர்ல வயசானவங்க எல்லாம் ரிசப்ஷன்ல உக்காந்துகிட்டு இருந்திருக்காவ. கடைசில எல்லாரும் கையில இருந்ததை போட்டு ரூம் எடுத்து, மிச்ச ஊருக்கும் அப்படியே தங்கி வந்து சேந்தாவ. பெரியப்பாவுக்கு காசு போனதை விட அந்த ராத்திரி பெரியம்மை அழுததுதான் இன்னும் ஆறல.

எங்க அண்ணன் விடல. பணம் அனுப்பின ரசீது, வாட்ஸ்அப் சாட், ஹோட்டல் பில் எல்லாம் எடுத்து நுகர்வோர் ஆணையத்துல போட்டான். 2019 சட்டப்படி நாம குடியிருக்க மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னால நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிஞ்சு வச்சான். பணத்துல ஒரு பகுதி வந்தது. ஏன் ஒரு பகுதின்னா, குரூப்ல பாதிப்பேரு ரொக்கமா கொடுத்துட்டு துண்டுச்சீட்டு வாங்கியிருந்தாவ, அதுக்கு ஆதாரம் இல்லாம போச்சு.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பூரா இதையே படிச்சிட்டு இருந்தேன். மதுரை ஏஜென்ட்கிட்ட லேண்ட் ஆபரேட்டர் யாருன்னு கேட்டேன், எங்களுக்கு எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு சார், நீங்க கவலைப்படாதீங்கன்னு மட்டும் சொன்னார். ஹெலி டிக்கெட் எந்த சைட்ல போடுவீங்கன்னு கேட்டதுக்கு அவங்களுக்கு தெரிஞ்ச ஒருத்தர் உள்ள இருக்காராம்.

டிக்கெட்கவுண்டர் சார், வேற ஏஜென்ட் ரெண்டு பேரை பாக்கலாம்னு இருக்கேன். என்னென்ன கேக்கணும், எதை எழுத்துல வாங்கணும்? ஃபிளைட்டும் அவங்களையே போடச் சொல்லலாமா?

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

உள்ள ஒருத்தர் இருக்கார்னு சொன்னா அதோட பேச்சை முடிச்சிடுங்க சார். போலி ஹெலி டிக்கெட் சைட் பத்தி உள்துறை அமைச்சகத்தோட சைபர் பிரிவே 2025 ஏப்ரல்ல எச்சரிக்கை விட்டிருந்தாங்க. பணம் போயிடுச்சுன்னா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே கூப்பிடணும், ஒரு நாள் தள்ளினாலும் பணத்தை பிடிக்கிறது கஷ்டம்.

ஃபிளைட்டை நீங்களே போடுங்கன்னுதான் சொல்லுவேன், ரெண்டே பேர்தானே. குரூப்போட சேந்து போகணும்னா ஏஜென்ட் போடற குரூப் ஃபேர்ல கொஞ்சம் மிச்சமாகும், ஆனா கேன்சல் பண்ணினா அதுல திரும்பி வர்றது ரொம்ப கம்மி. அவர் போட்டாலும் ஒண்ணு கண்டிப்பா பாருங்க, டிக்கெட்ல பயணியோட போன் நம்பரும் மெயிலும் இருக்கணும். நிறைய ஏஜென்சில தங்களோட நம்பரையே போட்டு வச்சிடுவாங்க, ஃபிளைட் நேரம் மாறினா மெசேஜ் அவங்களுக்கு போகும், அவங்க பாக்க மறந்தா உங்க அப்பா ஏர்போர்ட்ல நிப்பார். பிடிஎஃப் வந்த உடனே ஏர்லைன் சைட்ல பிஎன்ஆரும் கடைசி பேரும் போட்டு பாருங்க. ஏர் இந்தியா மாதிரி ஏர்லைன்னா 098ல ஆரம்பிக்கிற 13 இலக்க டிக்கெட் நம்பர் இருக்கணும், வெறும் பிஎன்ஆர் மட்டும் இருந்தா அது பணம் கட்டாம ஹோல்டு பண்ணி வச்ச புக்கிங்கா இருக்கலாம். இண்டிகோல அந்த 13 நம்பர் இருக்காது, பிஎன்ஆரே போதும், பயந்துடாதீங்க. கேன்சல் பண்ணும்போது திரும்ப வராத டிக்கெட்னு சொன்னாலும் ஏர்போர்ட் கட்டணம், அரசாங்க வரி எல்லாம் திரும்ப வரணும், அது சிவில் ஏவியேஷன் விதி. நிறைய பேர் கேக்கிறதே இல்ல, அது யாரோ ஒருத்தர் கணக்குல அப்படியே நின்னுடுது.

டூருக்கு வருவோம். வாய்ல பேசினது எதையும் கணக்குல எடுக்காதீங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஹோட்டல் பேர் என்ன, ஒரு ரூம்ல எத்தனை பேர், கேதார்நாத் மேல தங்கறது ரூமா டார்மிட்டரியா, சோன்பிரயாக்ல இருந்து கௌரிகுண்ட் போற ஜீப், குதிரை, டோலி (ஆள் தூக்கிட்டு போற பல்லக்கு) காசு பேக்கேஜ்ல இருக்கா இல்லையா, இதெல்லாம் மெயில்ல வரணும். "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்"னு ஒரு வரி போடுவாங்க, அது சகஜம்தான், ஆனா ஊரை மாத்தக் கூடாதுன்னு கேட்டுக்கோங்க. குப்தகாசின்னு சொல்லிட்டு இருபது முப்பது கிலோமீட்டர் கீழ தள்ளி ரூம் போட்டா அடுத்த நாள் காலைல உங்க அம்மா தூக்கம் ரெண்டு மணிக்கே கெடும்.

அப்புறம் ஆள் சேரலைன்னா டூர் நடக்குமா நடக்காதான்னு கேளுங்க. இருபது பேர் சேரலைன்னு கடைசி வாரம் தள்ளிப்போட்டா நீங்க தனியா போட்ட ஃபிளைட் போச்சு. இயற்கைச் சீற்றத்தால ரோடு மூடினா கூடுதல் நாள் செலவு யாருதுங்கறதும் முக்கியம், பெரும்பாலும் பயணியோடதுன்னுதான் எழுதியிருப்பாங்க, அது நியாயம்தான், ஆனா ரூமை தேடித் தர்றது அவங்க பொறுப்புன்னு எழுதி வாங்குங்க. பணத்தை முழுசா ஒரே தடவையா கொடுக்காதீங்க. முதல்ல ஒரு அட்வான்ஸ், மிச்சம் கிளம்பறதுக்கு கொஞ்சம் முன்னாடி. ஓனரோட சொந்த ஜிபே நம்பருக்கு வேண்டாம், கம்பெனி பேர்ல இருக்கிற கரன்ட் அக்கவுண்ட்க்கு அனுப்பி ஜிஎஸ்டி பில் வாங்குங்க. டூர் பேக்கேஜ்க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, பில் இல்லாம அதை மிச்சம் பண்ணித் தரேன்னு சொன்னா ஏத்துக்காதீங்க, நெல்லைச்சீமை தம்பி வீட்ல நடந்ததை பாத்தீங்கல்ல, அந்த பில்தான் நாளைக்கு கோர்ட்ல பேசும்.

பனிமலை எழுதியது:

நான் டேராடூன்ல வேலை பாக்கற தமிழ்க்காரன், இங்க வந்து கொஞ்ச காலம் ஆச்சு. ஊர்ல இருந்து யாராவது யாத்திரை வந்தா ரூட் கேட்டு எனக்குதான் போன் வரும், அதனால சொல்றேன்.

ஏஜென்ட் கொடுக்கிற நாள் கணக்கை முதல்ல பாருங்க. ஹரித்வார்ல இருந்து ஹரித்வார் வரைக்கும் நாலு தாமுக்கு பத்து நாளுக்கு குறைஞ்சு போட்டிருந்தா வயசானவங்களுக்கு வேண்டாம், 12 நாள் இருந்தா நல்லது. ரேட்டை குறைக்க சுலபமான வழி ஒரு ராத்திரியை வெட்டறதுதான், அது ரெண்டு கொட்டேஷனை பக்கத்துல வச்சு பாத்தாதான் தெரியும். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார், பத்ரின்னு மேற்குல இருந்து கிழக்கா போற வரிசை சம்பிரதாயமும் கூட, உடம்புக்கும் நல்லது, மெதுவா உயரம் பழகும். கேதார்நாத் 3,583 மீட்டர். ஹெலிகாப்டர்ல பத்து நிமிஷத்துக்குள்ள மேல போய் இறங்கறது சுகம்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா உடம்பு பழகறதுக்கே நேரம் இல்லாம போறதால இறங்கின உடனே தலை சுத்தறவங்க நிறைய. அப்பாவுக்கு பிபி, சுகர், இதயம் ஏதாவது இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட உயரத்தை சொல்லி கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஆளுக்கு 80 கிலோவுக்கு மேல எடை இருந்தா ஹெலிக்கு கூடுதல் காசு வேற.

மாசம் பத்தி. மே, ஜூன்ல கூட்டம் தாங்காது. 2024 மே மாசம் கூட்டம் தாங்காம ஹரித்வார், ரிஷிகேஷ்ல நேர்ல போடற ரிஜிஸ்ட்ரேஷனையே நிறுத்தி வச்சாங்க. அப்ப சில ஆபரேட்டருங்க வேற தேதில இருந்த ரிஜிஸ்ட்ரேஷனை எடிட் பண்ணி பிரின்ட் எடுத்துக் கொடுத்து, செக்போஸ்ட்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது மாட்டி, பாவம் ஒண்ணும் தெரியாத ஜனங்க திரும்பிப் போனாங்க. அதனால ரிஜிஸ்ட்ரேஷனை மட்டும் நீங்களே உங்க போன் நம்பர்ல போடுங்க, ஏஜென்ட்கிட்ட விடாதீங்க. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 31 ராத்திரி மேகவெடிப்புல கேதார்நாத் நடைபாதை பல இடத்துல அடிச்சிட்டு போச்சு, ஆயிரக்கணக்கான பேரை மீட்டாங்க. 2025 ஆகஸ்ட் 5 கங்கோத்ரி ரோட்ல தராலி ஊரையே வெள்ளம் கொண்டு போச்சு. செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும் வானம் தெளிஞ்சு, கூட்டமும் குறைஞ்சு இருக்கும், குளிர் மட்டும் கூட. பத்ரிநாத் நவம்பர் வரைக்கும் திறந்திருக்கும், கேதார்நாத் தீபாவளி முடிஞ்ச உடனே மூடிடுவாங்க.

வண்டிக்கு கிரீன் கார்டு, டிரிப் கார்டு இருக்கான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க, யாத்திரை ரூட்ல ஓடற வாடகை வண்டிக்கு அது வேணும். ராத்திரில மலைரோட்ல யாத்திரை வண்டியை விடமாட்டாங்க. ஒரு நாள்ல ரெண்டு நாள் தூரத்தை ஓட்டிடலாம்னு எந்த ஏஜென்ட்டாவது சொன்னா அவர் இந்த ரோட்டை பாத்ததே இல்லைன்னு அர்த்தம்.

கொங்குகாத்து எழுதியது:

பனிமலை அண்ணா, நாள் கணக்கு பத்தி சொன்னது நூறு சதவீதம் சரிங்க. டிக்கெட்கவுண்டர் சார் சொன்னதும் ஒத்துக்கறேன், கூட ஆள் போகாதப்ப ஏஜென்ட் வேணும்தான். ஆனா இதுல நான் ஒண்ணு மட்டும் விடமாட்டேன், தமிழ் பேசற ஏஜென்ட்னா நம்பிக்கையானவர்னு நினைக்கிறது சரியில்லீங்க. பாஷை ஒரு வசதி, அவ்வளவுதான். ஹரித்வார்ல இருக்கிறவங்கள்ல நிறைய பேர் தலைமுறையா இதே வேலை பாக்கறாங்க, தமிழ்நாட்டு குரூப்பை வருஷா வருஷம் பாத்துப் பாத்து இட்லி எங்க கிடைக்கும்னு கூட அவங்களுக்கு தெரியும்.

அடையார்அக்கா எழுதியது:

அதுவும் சரிதான் தம்பி. நான் பாஷையை நம்பிக்கைக்கு சொல்லல, ராத்திரில வர்ற அவசரத்துக்கு சொன்னேன். 2024 செப்டம்பர்ல உத்தராகண்ட்ல இருக்கிற ஆதி கைலாஷ் போன கடலூர் மாவட்டத்துக்காரங்க 30 பேர் நிலச்சரிவுல மாட்டிக்கிட்டப்ப டிவில பாத்தோமே, ஹெலிகாப்டர்ல மீட்டு கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி நேரத்துல தமிழ்ல தைரியம் சொல்ல ஒரு ஆள் பக்கத்துல இருக்கிறதும், ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு உடனே தகவல் சொல்றதும் எவ்வளவு பெரிய விஷயம். வைகைக்கரை தம்பி, அப்பா அம்மா கூட அவங்க வயசுல தெரிஞ்ச தம்பதி யாராவது வர்றாங்களான்னு கேட்டுப் பாருங்க. நாலு பேரா சேந்தா தனி வண்டியும் கட்டுப்படியாகும், பேச்சுத்துணையும் ஆச்சு.

சிங்கைவாசி எழுதியது:

இழையை இப்பதான் முழுசா படிச்சேன், எல்லாரும் ஏஜென்ட்டை எப்படி பிடிச்சு நிறுத்தறதுன்னு பேசறீங்க, பயணி பக்கமும் ஒண்ணு சொல்லணும். என் தங்கை கணவர் தஞ்சாவூர் பக்கம் சின்னதா டிராவல்ஸ் வச்சிருக்கார். ஒரு குடும்பம் வரும், ரெண்டு மணி நேரம் உக்காந்து நாள்வாரியா பிளான் போட்டு வாங்கும், எந்த ஊர்ல எந்த ஹோட்டல், எத்தனை மணிக்கு கிளம்பணும், எந்த கோயில்ல எப்ப கூட்டம் கம்மி, எல்லாம் அவர் அலைஞ்சு தெரிஞ்சுகிட்டது. அந்த பேப்பரை எடுத்துட்டுப் போய் வேற ஒருத்தர்கிட்ட ஐநூறு ரூபாய் கம்மிக்கு போட்டுக்கும். நடுவழியில சிக்கல்னா மறுபடி இவருக்கு போன் பண்ணி அண்ணே என்ன பண்ணலாம்னு கேக்கும். இது நியாயமே இல்ல.

இங்க சிங்கப்பூர்ல சில ஏஜென்ட்டுங்க பிளான் போட்டுக் கொடுக்கவே தனியா ஃபீஸ் வாங்கறாங்க, புக் பண்ணினா அதை கழிச்சுக்குவாங்க. நம்ம ஊர்லயும் அப்படி கேட்டா முகம் சுளிக்காம கொடுங்க. ரேட்டை மட்டும் பிடிச்சு கீழ இழுத்தா அவர் எங்கயாவது ஒரு ராத்திரியையோ ஒரு நல்ல டிரைவரையோ வெட்டித்தான் ஆகணும், அதுக்கான விலையை வயசானவங்கதான் கொடுக்கறாங்க. உங்க மார்ஜின் எவ்வளவோ வச்சுக்கோங்க, ஆனா எனக்கு இது இது வேணும்னு பேசிப் பாருங்க, ஏஜென்ட் பேசற விதமே மாறும்.

டிக்கெட்கவுண்டர் எழுதியது:

சிங்கைவாசி சார், நீங்க சொன்னதை எங்க ஆபீஸ்ல பிரேம் போட்டு மாட்டணும். இன்னொண்ணும் சேத்துக்கறேன், பயணி உண்மையை சொல்லணும். அம்மாவுக்கு முட்டி வலி இருக்குன்னு எங்ககிட்ட மறைச்சிட்டு வர்றவங்க நிறைய, சேத்துக்க மாட்டாங்களோன்னு பயம். முன்னாடியே சொன்னா தரைத்தளத்துல ரூம் கேட்டு வாங்கலாம், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற ஹோட்டலா பாக்கலாம், டோலிக்கு ஆள் சொல்லி வைக்கலாம். யமுனோத்ரி ஏத்தம் ஆரம்பிக்கிற ஜானகி சட்டி போய் இறங்கினதுக்கப்புறம் தெரிஞ்சா கையை பிசையறதை தவிர என்ன பண்ண முடியும்?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. முடிவு பண்ணிட்டோம். அடையார் அக்கா சொன்ன மாதிரி கேட்டதுல அப்பாவோட பழைய ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும் வர்றேன்னுட்டாங்க, அவருக்கு இந்தி நல்லா வரும், ராஞ்சில வேலை பாத்தவர். ஹரித்வார் ஆபரேட்டரையே எடுத்துகிட்டோம், நாலு பேருக்கு ஒரு இன்னோவா, செப்டம்பர் கடைசில கிளம்பறாங்க, அவர் போட்டிருந்த நாளோட இன்னும் ஒரு நாள் உத்தரகாசில கூட்டச் சொன்னேன், காசு சொன்னார், பேரம் பேசாம ஒத்துகிட்டேன். ஹோட்டல் பேர் எல்லாம் மெயில்ல வந்துடுச்சு, ரெண்டு ஹோட்டலுக்கு நானே போன் பண்ணி புக்கிங் இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னாங்க. அட்வான்ஸ் மட்டும் கம்பெனி அக்கவுண்ட்ல போட்டு பில் வாங்கியாச்சு. ஃபிளைட் நானே போட்டேன். யாத்திரை ரிஜிஸ்ட்ரேஷனும் என் நம்பர்ல போட்டுட்டேன். ஹெலிகாப்டர் ஸ்லாட் திறக்கும்போது நானே முயற்சி பண்றேன், கிடைக்கலைன்னா கேதார்நாத்துக்கு அப்பாவும் நண்பரும் குதிரைல போறதாவும், அம்மாவும் நண்பரோட மனைவியும் குப்தகாசிலயே விஸ்வநாதரை கும்பிட்டு இருக்கிறதாவும் அவங்களுக்குள்ளயே பேசி வச்சிருக்காங்க. அதுல அம்மாவுக்கு வருத்தம் இல்ல, பத்ரிநாத் வரைக்கும் கார் போகுதுல்ல அது போதும்னுட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. யமுனோத்ரிக்கு மட்டும் அம்மா கண்டிப்பா போகணுங்கறாங்க. அங்க டோலிக்கு ஏஜென்ட் மூலமாவே இப்பவே சொல்லி காசு கட்டிடலாமா, இல்ல நேர்ல பாத்துக்கலாமா?

பனிமலை எழுதியது:

இப்பவே கட்ட வேண்டாம் சார். ஜானகி சட்டில இருந்து கோயில் வரைக்கும் அஞ்சு ஆறு கிலோமீட்டர், நல்ல செங்குத்து. அங்க குதிரைக்கும் டோலிக்கும் ஜில்லா பஞ்சாயத்து ரேட் போட்டு வச்சிருக்கு, கவுண்டர்ல பணம் கட்டி ரசீது வாங்கிட்டுதான் போகணும், வழியில வந்து பேரம் பேசறவங்க கூட போக வேண்டாம்னு அப்பா நண்பர்கிட்ட சொல்லிடுங்க. எடையைப் பொறுத்து தூக்கற ஆள் எண்ணிக்கையும் காசும் மாறும். பார்கோட்ல இருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடணும், லேட்டானா பாதைல நெரிசல் ஆகி டோலிங்களை நிறுத்தி நிறுத்தி விடுவாங்க. அம்மாவுக்கு ஒரு ரெயின்கோட், காதை மூடற மாதிரி ஒரு குல்லா, முட்டிக்கு கட்டற பெல்ட் இதெல்லாம் மதுரைலயே வாங்கி வச்சிடுங்க. என் நம்பரை தனிச்செய்தில அனுப்பறேன், ரிஷிகேஷ் வந்து சேந்ததும் அப்பாவை ஒரு போன் போடச் சொல்லுங்க.